கொம்போஸ்ட்டா, கபுக் மண்ணா: செடி வளர்க்கும் மீன் தொட்டியின் அடியில் எதை இடுவது?

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடொன்றில் வசிக்கிறேன். 2 அடி நீளம், 1 அடி அகலம், 14 அங்குல உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று என்னிடம் உள்ளது. அதில் மீனை விடச் செடிகளே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செடித் தொட்டிக்கென்று வெளிநாட்டிலிருந்து வரும் மண்ணின் விலை தொட்டியின் விலையையே தாண்டிவிட்டதால், இங்கே கிடைக்கும் மண்ணையும் சேதனப் பசளையையும் கொண்டு அடித்தளம் அமைக்க முயன்றேன். அது மிக மோசமாக முடிந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பூச்செடி விற்கும் கடையொன்றில் ஒரு பை கொம்போஸ்ட் வாங்கினேன். எவ்வளவு கூடுதலாக இடுகிறோமோ அவ்வளவு செழிக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, 3 அங்குல உயரத்துக்கு அதைப் பரப்பி, அதன் மேல் 1 அங்குலம் கடற்கரை மணலை இட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மறுநாளே தண்ணீர் தேயிலைச் சாயம் போலாகியது. நான்காம் நாள் பால் கலந்தது போல வெளிறிக் கலங்கியது. ஐந்தாம் நாள் அவசரப்பட்டு 6 கப்பி மீன்களை விட்டேன். அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நட்டிருந்த வல்லிஸ்னேரியா என்ற நீர்ச்செடியின் இலைகள் அடியிலிருந்து கூழாகக் கழன்றன. தொட்டியை வெறுமையாக்கியபோது அடியில் இருந்ததெல்லாம் கரி போலக் கறுத்திருந்தது. எழுந்த அழுகிய முட்டை நாற்றம் வீட்டை விட்டுப் போக ஒரு நாள் பிடித்தது.

அந்த ஆறு மீன்களும் என் அறியாமையால் இறந்தன என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. ஆகவே இம்முறை அறிந்த பின்பே தொடங்க விரும்புகிறேன். தெகிவளையில் உறவினர் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய இடத்தில் கபுக் மண், அதாவது இரும்பு நிறைந்த செந்நிறக் கல் மண், கிடைக்கிறது. அதே வளவில் பல வருடங்களாக உரம் எதுவும் இடாத தோட்ட மண்ணும் உண்டு. கோண்டாவிலில் இருக்கும் பெரியம்மா, வேண்டுமானால் யாழ்ப்பாணத்துச் செம்மண் அனுப்புகிறேன் என்கிறார். இவற்றுள் எது பொருந்தும்? பிழை கொம்போஸ்ட்டிலா, அல்லது நான் இட்ட அளவிலா? மாட்டெரு, ஆட்டெரு, மண்புழுப் பசளை ஆகியவற்றை நீருக்கடியில் இடலாமா?

களனிக்கரை:

தம்பி, நீங்கள் இவ்வளவு விரிவாக எழுதியிருப்பதால் நானும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பதினெட்டு வருடங்களாக மண் இட்ட தொட்டிகளை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த நாற்றம் எனக்கும் நன்கு தெரிந்ததுதான்.

முதலில் ஒரு விடயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் நாம் அமைப்பது பூச்சாடி அல்ல, வயல். பூச்சாடி மண்ணில் காற்று ஊடாடும், மேலதிக நீர் வடிந்து போகும். அங்கே கொம்போஸ்ட் மெதுவாக உக்கி வேருக்கு உணவாகும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் நடப்பது முற்றிலும் வேறு. இதை உலகத்துக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவரான மண்ணியலாளர் எப். என். பொன்னம்பெரும என்பதை இங்கே பெருமையுடன் சொல்ல வேண்டும். நெற்பயிரின் இலைகள் வெண்கல நிறமாவதற்கு இரும்பு நஞ்சாவதே காரணம் என்பதை 1955 இல் எடுத்துக்காட்டியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் பணியாற்றியபோது, நீரில் மூழ்கிய மண்ணின் இரசாயனம் பற்றி 1972 இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. மீன் தொட்டிக்காக எழுதப்பட்டதல்ல என்றாலும், அதில் உள்ள அடிப்படை நம் தொட்டிக்கு அப்படியே பொருந்துகிறது.

மண்ணை நீரில் மூழ்கடித்தால், அதில் உள்ள ஒட்சிசனை நுண்ணுயிர்கள் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகும் அவை சுவாசிக்க வேண்டுமல்லவா? ஆகவே முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும், அதற்கடுத்து மண்ணைச் சிவப்பாகக் காட்டும் பெரிக்கு இரும்பையும் பயன்படுத்துகின்றன. இவையெல்லாம் முடிந்த பின்னரே சல்பேற்றைத் தொடுகின்றன. சல்பேற்று தாழ்த்தப்படும்போது, அதாவது ஒட்சியேற்றத்துக்கு எதிரான மாற்றத்துக்கு உள்ளாகும்போது, வெளிவருவதுதான் அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு. நுண்ணுயிருக்குத் தீனி எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ, அவ்வளவு விரைவாக இந்தப் படிகளில் அது கீழே இறங்கிவிடும். நீங்கள் 3 அங்குலம் முழுவதும் இட்டது தீனி மட்டுமே. இடையில் தாங்கிப் பிடிக்க இரும்போ களியோ இருக்கவில்லை. கொழும்பில் தொட்டித் தண்ணீர் வருடம் முழுவதும் 27 முதல் 30 பாகை வரை சூடாக இருப்பதால், குளிர் நாட்டில் சில மாதங்கள் எடுக்கும் உக்கல் இங்கே சில வாரங்களில் நடந்து முடிகிறது. அதே சூட்டினால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறைவு: 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையுமானால், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான்.

உங்கள் மீன்களைக் கொன்றது அந்த நாற்றம் அல்ல என்றே நான் கருதுகிறேன். ஒட்சிசன் உள்ள நீருக்குள் வந்ததும் ஐதரசன் சல்பைட்டு விரைவில் ஒட்சியேற்றப்பட்டுவிடும். நீங்கள் அடியைக் கிளறியபோதுதான் அது மொத்தமாக மேலெழுந்தது. பால் போன்ற கலங்கல் பக்டீரியாப் பெருக்கத்தின் அடையாளம்; அது ஒட்சிசனை உறிஞ்சியிருக்கும். கொம்போஸ்ட்டிலிருந்து அமோனியாவும் கசிந்திருக்கும். இவை இரண்டும் போதும். இங்கே நீங்கள் கவனியாத மூன்றாவது விடயம் அந்தக் கடற்கரை மணல். அதில் உள்ள சிப்பித் துண்டுகள் கரையக் கரைய நீரின் பிஎச், அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், ஏறும். பிஎச் 7 இல் அமோனியாவின் மிகப் பெரும் பகுதி தீங்கு குறைந்த அமோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். நஞ்சான வடிவம் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அந்த நஞ்சு ஏறத்தாழ 10 மடங்காகும். கொழும்புக்கு அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர். இயல்பாகவே நமக்குச் சாதகமாக இருந்த நீரை அந்த மணல் பாதகமாக்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கினீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடித்தளத்துக்கு அந்தப் பழைய தோட்ட மண்ணே முதன்மை. கபுக் மண் துணை. கொம்போஸ்ட் தேவையானால் மட்டும், அதுவும் மிகச் சிறிதளவு. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999 இல் பரவலாக்கிய முறையிலும் மண் ஏறத்தாழ 1 அங்குலம், மேல்மூடி ஏறத்தாழ 1 அங்குலம், அவ்வளவுதான்; தொடங்கும் நாளிலேயே செடி நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே அங்கே உயிர்நாடி. உங்கள் தொட்டியின் அடிப்பரப்புக்கு 1 அங்குலம் என்பது நாலரை லீற்றர் மண். அதில் அரை லீற்றர் அளவுக்குக் கபுக் மண்ணை இடித்து மாவாக்கிக் கலந்தால் போதும். கபுக்கில் தழைச்சத்தோ சாம்பற்சத்தோ குறிப்பிடும்படி இல்லை. அதன் பெறுமதி இரும்பில்தான் இருக்கிறது. மேலே சொன்ன படிகளில் சல்பேற்றுக்கு இறங்காமல் நீண்ட காலம் தடுத்து நிறுத்துவது அந்த இரும்பு. மீறிச் சிறிது சல்பைட்டு உண்டானாலும் அதைப் பிடித்து இரும்புச் சல்பைட்டாக மாற்றிவிடும். மண் கறுப்பது அதனால்தான்; கறுப்பைக் கண்டு மட்டும் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு கிரிப்டோகொரைன் வென்ட்டிச் செடியை இடம் மாற்றுவதற்காக மெல்லப் பெயர்த்தேன். சுற்றியிருந்த மண் மை போலக் கறுத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் துருப்பிடித்த கம்பி போலச் செம்மஞ்சள் நிறத்தில் ஓர் உறை படிந்திருந்தது. விரலால் உருவினால் அது கழன்று, உள்ளே வேர் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இலையில் உண்டான ஒட்சிசனைச் செடி வேர்வழியாக மண்ணுக்குள் விடுகிறது. அது பட்ட இடத்தில் கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகப் படிகிறது. நெல்லின் வேரிலும் இதையே காணலாம். அடிமண்ணைக் காப்பது வடிகட்டியோ நாமோ அல்ல, வேர்களே. ஆகவே செடி குறைவான தொட்டியில் மண் இடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை அல்லி:

களனிக்கரை ஐயா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எருக்களைப் பற்றி என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். மொட்டை மாடியில் பெரிய சீமெந்துத் தொட்டியில் அல்லி வளர்க்கிறேன்; அதற்கு நன்கு காய்ந்த ஆட்டெருவைக் களியில் பொதிந்து கிழங்கின் கீழே புதைப்பேன், அல்லி அள்ளிப் பூக்கும். அதே ஆட்டெருவை வீட்டுக்குள் உள்ள கண்ணாடித் தொட்டியில் ஒரு கைப்பிடி இட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. வெளியே நிறைய வெயிலும், பசளையை வாரி இழுக்கும் பெரிய கிழங்கும் இருந்தன. உள்ளே அவை இல்லை. எனவே எந்த எருவும் வேண்டாம் என்பதே என் கருத்து. மண்புழுப் பசளை ஓரளவு சாதுவானது, என்றாலும் அதையும் தொடக்கத்தில் தவிர்க்கலாம். என்புத்தூள், எப்பாவலைப் பொசுபேற்று ஆகியவற்றை நினைத்தும் பார்க்காதீர்கள். மீன் தீனியிலிருந்தே பொசுபரசு வேண்டிய மட்டும் சேரும். தவிர, ஐயா சொன்ன அந்த இரும்பு தாழ்த்தப்படும்போது அதனோடு கட்டுண்டிருந்த பொசுபரசும் விடுபட்டு வேருக்குக் கிடைக்கிறது.

தேங்காய் மட்டையிலிருந்து வரும் தும்புச்சோறு இடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது மிதக்கும், நீரைச் சிவக்க வைக்கும், நன்றாகக் கழுவாவிட்டால் உப்பும் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

செம்மண் பற்றியும் ஒரு வார்த்தை. என் சொந்த ஊரும் யாழ்ப்பாணம்தான். அந்த மண்ணின் மேல் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும், அது சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்திருக்கும் மண் என்பதை மறக்கக் கூடாது. நன்கு அரித்த செம்மண்ணில் இரும்பு நிறைய உண்டு. இடையே கிடக்கும் வெண்கல் துணுக்குகளே சிக்கல். ஒரு பீங்கானில் மண்ணைப் பரப்பி வினாகிரியை ஊற்றிக் காதருகே பிடியுங்கள். நுரைத்துச் சீறும் ஒலி கேட்டால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. உங்கள் கடற்கரை மணலையும் அவ்வாறே சோதித்தால், அது என்ன செய்தது என்பது கண்ணெதிரே தெரியும். முத்துராஜவலையில் கட்டட வேலைக்காகக் குவிக்கும் கடல் மணலும் அப்படித்தான். பெரியம்மா செம்மண் அனுப்புவதாக இருந்தால், வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டத்தில் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே பூச்சிநாசினி எச்சம் இருக்கக்கூடும். வயற்சேற்றையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். அத்துடன் எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. எந்த மண்ணைத் தொட்டாலும் கையுறை அணியுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. குளோரின் நீக்கி ஊற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையில் மிச்சமிருந்த கடற்கரை மணலை உடனே சோதித்தேன். சோடாப் போத்தலைத் திறந்தது போலச் சீறியது. தோட்ட மண்ணில் சத்தமே இல்லை. அந்த மண்ணை ஒரு ஜாம் போத்தலில் பாதி நிரப்பி, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். காலையில் பார்த்தபோது அடியில் மணலும், அதன் மேல் மெல்லிய வண்டலும், அதற்கு மேல் விரற்கடை அளவில் களியும் படிந்திருந்தன. மேலே சில வேர்த் துண்டுகள் மட்டும் மிதந்தன. இது போதுமா? மண்ணை முதலில் எப்படிப் பதப்படுத்துவது? மாடி வீட்டில் வெயில் படும் இடம் ஒரு சிறிய பல்கனி மட்டுமே. எந்தச் செடிகளோடு தொடங்குவது, மீனை எப்போது விடுவது என்பதையும் சொல்லுங்கள்.

களனிக்கரை:

அந்தப் போத்தல் சொல்வது நல்ல செய்தி. களி அவ்வளவு இருக்கும் மண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிதப்பது குறைவாக இருப்பதால் நாற்றத்துக்கும் இடம் குறைவு. கொம்போஸ்ட்டே உங்களுக்குத் தேவையில்லை என்று இப்போது துணிந்து சொல்கிறேன். மண் வெளிறி மணற்பாங்காக இருந்திருந்தால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு கலக்கச் சொல்லியிருப்பேன்.

பதப்படுத்துவது இப்படி. மண்ணை அரிதட்டில் அரித்து, கல்லையும் வேரையும் நீக்கி, ஒரு பேசினில் இட்டு நீர் ஊற்றிக் கலக்குங்கள். மிதப்பதை அள்ளி எறியுங்கள். ஒன்றிரண்டு நாள் ஊற வைத்து, மேல் நீரை வடித்து, பொலித்தீன் விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி நன்கு காய விடுங்கள். காய்ந்ததும் உதிர்த்து மீண்டும் ஊற வையுங்கள். இப்படி மூன்று அல்லது நான்கு தடவை செய்தால், எளிதில் உக்கக்கூடியது காற்றோடு சேர்ந்து உக்கி முடிந்துவிடும். நைதரசனின் பெரும்பகுதியும் அமோனியாவாகத் தங்காமல் நைத்திரேற்றாக மாறி, வடிக்கும் நீரோடு போய்விடும். தொட்டிக்குள் நடந்து மீனைக் கொல்ல வேண்டியது பேசினிலேயே நடந்து முடிகிறது. ஊற வைத்த பேசினை மட்டும் பல்கனியில் மறந்து விட்டுவிடாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். இரண்டாம் நாளே நீரை வடித்துவிடுவதோடு, ஊறும் வேளையிலும் வலையால் மூடி வையுங்கள்.

கடைசித் தடவை காய்ந்த மண்ணில் கபுக் தூளோடு ஒரு மேசைக்கரண்டி டொலமைற்றும், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூளும், கலவுங்கள். தென்னைக்கு இடுவதற்காக விற்கும் அதே தூள்தான். சுண்ணாம்பு கூடாது என்று சொல்லிவிட்டு இதை ஏன் இடச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நம் குழாய் நீரில் கல்சியமும் மக்னீசியமும் குறைவு. இரண்டும் செடிக்கு வேண்டும். மண்ணுக்குள் ஒரு கரண்டி மெல்லக் கரைவது வேறு, தொட்டி முழுவதும் சிப்பி மணல் கிடப்பது வேறு.

மேல்மூடிக்கு ஆற்று மணலே சிறந்தது. அதை வீட்டில் மா அரிக்கும் அரிதட்டில் அரித்து, கீழே விழும் நுண்மணலை ஒதுக்கி, தட்டில் தங்கும் பருமணலை மட்டும் நீர் தெளியும் வரை கழுவி எடுங்கள். நுண்மணல் இறுகி வாயுவை அடைக்கும். பெரிய கல்லானால் இடுக்கு வழியாக மண் மேலே கசியும். ஈரமான மண்ணைச் சேறு போலப் பரப்பி, கண்ணாடி ஓரங்களில் ஒரு விரலளவு விட்டு, அந்த ஓரத்தை மணலால் நிரப்பினால் முன்பக்கத்தில் பாசி பிடிப்பதும் குறையும். தண்ணீரை ஒரு பீங்கானின் மேல் மெல்ல ஊற்றுங்கள்.

செடியைப் பொறுத்தவரை, நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன்கள் இருக்க வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வென்ட்டி, பெக்கெட்டி, பார்வா ஆகிய மூன்றும் இலங்கையின் ஓடைகளில் மட்டும் இயற்கையாக வளர்பவை. வேரால் உண்ணும் இந்தச் செடிகளுக்கு மண் அடித்தளம்தான் தாய்வீடு. நாற்றுமேடையில் வளர்த்து விற்பதையே வாங்குங்கள். இவற்றுள் பல அழிவை எதிர்நோக்குவதால் ஓடைகளில் பிடுங்குவது பெரும் பாவம். நட்ட சில நாட்களில் இலைகளெல்லாம் கரைந்துபோகலாம். அப்போது பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களில் புதிய இலை வரும். ஆனால் இவை மெதுவாக வளர்பவை என்பதால், முதல் இரண்டு மாதங்களில் நீரில் கசியும் சத்தை உறிஞ்ச விரைவாக வளரும் செடிகளும் கட்டாயம் வேண்டும். ஹைட்ரில்லாவையும் வல்லிஸ்னேரியாவையும் பின்பக்கம் நெருக்கமாக நடுங்கள். கிரிப்டோகொரைன் பரவியதும் அவற்றைக் குறைக்கலாம்.

முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள். மணலில் குமிழிகள் சேர்ந்தால் மெல்லிய ஈர்க்கில் ஒன்றால் ஆங்காங்கே குத்தி விடுங்கள். குமிழியில் மணம் இல்லையானால் கவலையில்லை. வேர் பரவிய பிறகு அந்த வேலையும் தேவைப்படாது.

மீனுக்கு அவசரம் வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அமோனியாவும், அது நைத்திரேற்றாக மாறும் வழியில் உண்டாகும் நஞ்சான நைத்திரைற்றும் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை சோதித்தும் இல்லை என்று வந்த பின்னரே விடுங்கள். மண்ணைக் கிளறும் மீன்கள், குறிப்பாகத் தங்கமீன், இத்தகைய தொட்டிக்கு ஆகாது. சிங்களத்தில் புலத் ஹபயா, அதாவது வெற்றிலை மென்றவன் என்று அழைக்கப்படும் நம் நாட்டு மீனை நான் சொல்வேன். களனி முதல் நில்வளை வரையான ஆறுகளின் நிழலோடைகளில் வாழும் அது மென்மையான நீருக்குப் பழகியது. ஆண் மீனின் தலை சிவந்து, உடல் கறுக்கும்போது கிரிப்டோகொரைனின் பழுப்பு இலைகளுக்கிடையே அதைப் பார்க்க இரண்டு கண் போதாது. முதலில் மூன்றை மட்டும் விட்டு, இரண்டு வாரம் பார்த்த பின் மேலும் மூன்றைச் சேருங்கள். மண் காயும் இந்த வாரங்களில் போத்தல் சோதனையைக் கபுக் தூளுக்கும் ஒரு முறை செய்து பார்த்து, படிவு எப்படி வருகிறது என்று இங்கே எழுதுங்கள் தம்பி.